டெஸ்க்டாப் ஐகானைத் தட்டினால் பக்கம் திறக்கவில்லையா? குரோமை அழிக்கும் முன் இதைப் பாருங்கள்

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா போன வாரம் ஃபோன் செய்தார். "தம்பி, சர்டிபிகேட் போடுற ஐகான் செத்துப்போச்சு, கடையில நாலு பேர் நிக்கிறாங்க, சீக்கிரம் வா." போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் வால்பேப்பரே தெரியாத அளவுக்கு ஐகான்கள். அதிலும் ஒரே தளத்துக்கு மூன்று: ஒன்றில் குரோம் படம், ஒன்றில் பழைய நீல நிற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் படம், இன்னொன்று ஓரம் மடிந்த வெறும் வெள்ளைத் தாள். அக்கா அந்த வெள்ளைத் தாளைத்தான் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தார். கடைப்பையன் மவுஸை வாங்கி, குரோமை அன்இன்ஸ்டால் செய்யும் இடம் வரைக்கும் போய்விட்டான். முதல் வேலையாக அதை நிறுத்தினேன்.

பலரும் செய்கிற தப்பு அது. ஐகான் வேலை செய்யவில்லை என்றதும் பிரவுசரையே தூக்கிவிட்டுத் திரும்பப் போடுவது. அன்இன்ஸ்டால் செய்யும்போது "பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா" என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும், அவசரத்தில் அதில் டிக் அடித்துவிட்டால் கணக்கில் சிங்க் செய்து வைக்காத புக்மார்க், சேமித்து வைத்த பாஸ்வேர்டு எல்லாம் ஒரே அடியில் போய்விடும். பிரச்சினை பெரும்பாலும் பிரவுசரில் இருக்காது என்பது தனிக் கொடுமை. சிஸ்டத்தை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், அதில் நஷ்டம் எதுவும் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

டெஸ்க்டாப்பில் நாம் தட்டும் இந்த ஐகானுக்கு ஷார்ட்கட் என்று பெயர், அது ஒரு துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். எந்த முகவரிக்குப் போகவேண்டும், யார் வண்டியில், அதாவது எந்த பிரவுசரில், போகவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். சீட்டில் எழுதியது தப்பாக இருக்கலாம், வண்டி இடம் மாறியிருக்கலாம், போய்ச் சேரவேண்டிய வீட்டையே காலி செய்திருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் எதையும் தொடுவதற்கு முன் எது உடைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு நிமிடம் போதும்.

முதலில் ஐகானை விட்டுவிட்டு பிரவுசரை நேராகத் திறந்து, முகவரியைக் கையால் அடித்துப் பாருங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பர லிங்க்கை அழுத்துவது இதில் சேராது, முகவரிப் பட்டையில் எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். பக்கம் வந்துவிட்டால் இணையமும் தளமும் நன்றாகத்தான் இருக்கின்றன, கோளாறு ஐகானில். வரவில்லை என்றால் ஐகானைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை, கட்டுரையின் பின்பாதிக்குப் போய்விடுங்கள்.

அடுத்த சோதனையை நிறையப் பேர் செய்வதில்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது. விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டினால் இடது கீழ்மூலையில் ரன் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஹெச்டிடிபிஎஸ் தொடங்கி முழு முகவரியையும் ஒட்டி என்டர் அடியுங்கள். பிரவுசர் திறந்து பக்கம் வந்தால், இணைய முகவரி வந்தால் யாரிடம் கொடுக்கவேண்டும் என்று விண்டோஸுக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். "எந்த ஆப்பில் திறக்க" என்று விழித்தாலோ ஏதாவது எரர் பெட்டி வந்தாலோ டிஃபால்ட் பிரவுசர் அமைப்பு கெட்டிருக்கிறது. அக்கா கடையில் நடந்தது இதுதான். ரன் பெட்டி திருதிருவென்று விழித்தது. என்ன ஆயிற்று என்று பையனிடம் கேட்டால், "ஒரு பிரவுசர் தேவையில்லாம கிடந்துச்சுண்ணே, நேத்துதான் தூக்கினேன்" என்கிறான். தூக்கியது டிஃபால்ட்டாக இருந்த பிரவுசர். வெள்ளைத் தாள் படத்துக்கும் காரணம் அதுவே, படம் காட்ட வேண்டிய பிரவுசர் போய்விட்டது.

இதற்குச் சரிசெய்யும் வழி சுலபம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போய், பட்டியலில் உங்கள் பிரவுசரின் பெயரைத் தட்டினால் மேலேயே செட் டிஃபால்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். விண்டோஸ் 11 வந்த புதிதில், 2021-இல், இந்தப் பட்டன் கிடையாது; ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ், ஹெச்டிஎம்எல் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி மாற்றவேண்டியிருந்தது, ஊரே கத்திய பிறகு 2022-இல்தான் ஒரே பட்டன் வந்தது. விண்டோஸ் 10-இல் டிஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் வெப் பிரவுசர் என்ற இடத்தில் மாற்றலாம். ஏற்கெனவே குரோம் என்றுதான் காட்டுகிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் ஒருமுறை விண்டோஸோடு வரும் எட்ஜ் பிரவுசருக்கு மாற்றிவிட்டு மறுபடி குரோமுக்கே கொண்டுவாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பதிவு புதிதாக எழுதப்படுவதால் பல நேரம் கேட்டுவிடும்.

சீட்டைப் பிரித்துப் படிப்பது

டிஃபால்ட் சரியாக இருந்தும் ஐகான் திறக்கவில்லை என்றால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து கீழ்ப்பக்கம் இருக்கும் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். இங்கே இரண்டு ஜாதி உண்டு, வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும்.

பெட்டியில் வெப் டாக்குமென்ட் என்று ஒரு டேப் இருந்தால் அது இணைய ஷார்ட்கட், கோப்பின் வால் டாட் யூஆர்எல். உள்ளே சும்மா இரண்டு மூன்று வரி எழுத்துதான், பிரவுசரின் பெயர்கூட இருக்காது, முகவரி மட்டும் இருக்கும். டிஃபால்ட் யாரோ அவர் திறப்பார். இதில் கெடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை, யூஆர்எல் என்ற கட்டத்தில் இருப்பதைக் கடைசி எழுத்து வரை படித்துப் பார்த்தால் போதும். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டியதில் முகவரியின் வாலில் ஒரு முற்றுப்புள்ளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அல்லது ஹெச்டிடிபிஎஸ் இரண்டு தடவை வந்திருக்கும். திருத்தி ஓகே கொடுங்கள், முடிந்தது.

ஷார்ட்கட் என்ற டேப்பும் அதில் டார்கெட் என்ற கட்டமும் இருந்தால் இது இன்னொரு ஜாதி. இதில் பிரவுசரின் இருப்பிடமும் பக்கத்தின் முகவரியும் ஒரே வரியில் இருக்கும். உடைவதற்கு இடம் நிறைய உள்ளதும் இதில்தான். வரியை இடமிருந்து நிதானமாகப் படியுங்கள். முதலில் ஒரு இரட்டை மேற்கோள். அப்புறம் சி டிரைவ், ப்ரோகிராம் ஃபைல்ஸ், கூகுள், குரோம், அப்ளிகேஷன், கடைசியில் குரோம் டாட் இஎக்ஸ்இ. இங்கே மேற்கோள் முடியவேண்டும். ஒரு ஸ்பேஸ். அதன்பிறகுதான் பக்கத்தின் முகவரி. இந்த மேற்கோளை வரியின் கடைசிக்குத் தள்ளிவிட்டால் விண்டோஸ் மொத்தத்தையும் ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும். ஸ்பேஸை விட்டுவிட்டாலும் தொல்லைதான்.

மேற்கோள் சரி, ஸ்பேஸ் சரி, ஆனாலும் "இந்த ஷார்ட்கட் குறிக்கும் பொருள் மாற்றப்பட்டது அல்லது நகர்த்தப்பட்டது" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது என்றால் வண்டி இடம் மாறிவிட்டது. குரோம் முன்பெல்லாம் பெயரின் பின்னால் எக்ஸ்86 என்று ஒட்டிய ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் உட்காரும், 2020-க்குப் பிறகு 64 பிட் குரோமைப் புதிதாகப் போட்டால் எக்ஸ்86 இல்லாத ஃபோல்டரில் உட்காருகிறது. பழைய ஐகான் பழைய வீட்டு வாசலிலேயே நின்று கதவைத் தட்டும். இன்னொரு வகை: அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் போட்ட குரோம், அந்த ஒரு யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய்விடும். அந்த ஐகானைக் காப்பி செய்து வேறு யூசரின் டெஸ்க்டாப்பில் வைத்தால் எப்படி வேலை செய்யும்? அதே பெட்டியில் ஓப்பன் ஃபைல் லொகேஷன் என்ற பட்டனை அழுத்துங்கள். குரோம் இருக்கும் ஃபோல்டர் திறந்தால் பாதை சரி, முறைத்தால் பாதை தப்பு. தப்பு என்றால் ஸ்டார்ட் மெனுவில் குரோமைத் தேடி ரைட் கிளிக் செய்து அது இப்போது எங்கே குடியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாதையை டார்கெட்டில் மாற்றுங்கள்.

முகவரி ரொம்ப நீளம் என்றால் அது ஒரு தனி வில்லங்கம். டார்கெட் கட்டம் 260 எழுத்துக்கு மேல் வாங்காது. கேள்விக்குறிக்குப் பின்னால் அரை மைலுக்கு நீளும் முகவரிகளை ஒட்டினால் வால் வெட்டுப்பட்டுப் போய்விடும், பக்கமோ "காணவில்லை" என்று சொல்லும். அந்த மாதிரி முகவரிக்கு முதல் ஜாதி ஷார்ட்கட்டே நல்லது.

நீங்கள் எழுதாத ஏதாவது டார்கெட் வரியின் கடைசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குரோம் ஐகானைத் தட்டினால் யாரோ ஒருவரின் தேடல் பக்கமோ சூதாட்டப் பக்கமோ திறக்கிறது என்றால், இலவச சாஃப்ட்வேர் எதையோ போட்டபோது கூடவே வந்த விருந்தாளி இந்த வரியில் தன் முகவரியை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இஎக்ஸ்இ முடிந்து மேற்கோளுக்குப் பிறகு இருப்பதை அழியுங்கள். டாஸ்க்பாரில் பின் செய்திருக்கும் ஐகானையும், ஸ்டார்ட் மெனுவில் இருப்பதையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், ஒன்றைத் திருத்தினால் மற்றவை திருந்தாது. அழித்ததும் மறுநாள் திரும்ப வந்தால் அந்த விருந்தாளி இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார், ஆன்டிவைரஸில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

டார்கெட்டில் முகவரிக்குப் பதிலாகக் குரோம் ப்ராக்ஸி என்றும், ஆப்-ஐடி என்று புரியாத எழுத்துக்கூட்டமும் இருந்தால், அது குரோமுக்குள் ஆப் மாதிரி நிறுவிய பக்கம். குரோமில் அந்த ஆப்பை நீக்கிவிட்டாலோ, அந்த ப்ரொஃபைலையே அழித்துவிட்டாலோ, ஐகான் மட்டும் அநாதையாக டெஸ்க்டாப்பில் கிடக்கும். இதைப் பழுது பார்க்க முயலாதீர்கள், நேர விரயம். டெலீட் செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ப்ரொஃபைல் என்றதும் நினைவு வருகிறது. ஒரே குரோமில் ஆபீஸ் கணக்கு ஒன்று, சொந்தக் கணக்கு ஒன்று என்று இரண்டு ப்ரொஃபைல் வைத்திருப்பவர்களுக்கு ஐகானைத் தட்டினால் பக்கம் வரும், ஆனால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வரும். பக்கம் தப்பான ப்ரொஃபைலில் திறந்திருக்கிறது. முதல் ஜாதி ஷார்ட்கட் கடைசியாகப் பயன்படுத்திய குரோம் விண்டோவில் போய் உட்கார்ந்துவிடும், அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. இந்த வேலைக்கு இரண்டாவது ஜாதிதான் சரி. சரியான ப்ரொஃபைலில் இருந்துகொண்டு குரோமின் மூன்று புள்ளி மெனுவில் சேவ் அண்ட் ஷேர் என்று வரும் இடத்துக்குள் கிரியேட் ஷார்ட்கட் கொடுத்தால் ப்ரொஃபைலின் பெயரும் சேர்த்தே பதிவாகும்.

நீல 'இ' ஐகான் வைத்திருப்பவர்களுக்கு

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவு 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10-இல் 2023 பிப்ரவரி 14-ஆம் தேதி வந்த எட்ஜ் அப்டேட் அதை மொத்தமாகப் பூட்டிவிட்டது. பழைய ஐகானைத் தட்டினால் இப்போது எட்ஜ்தான் எழுந்து வரும். பெரும்பாலான தளங்களுக்கு அதுவே போதும். பழங்காலத்து ஆபீஸ் தளம், எக்ஸ்ப்ளோரர் இருந்தால்தான் பட்டனே தெரியும் என்கிற ரகம் என்றால், எட்ஜின் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடுக்கு அனுமதி கொடுத்து, அதன் கீழே உள்ள பட்டியலில் அந்தப் பக்கத்தைச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: அப்படிச் சேர்த்த பக்கம் 30 நாளில் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். "போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இதனால்தான். மறுபடி சேர்த்துவிடுங்கள், அல்லது ஆபீஸில் ஐடி ஆள் இருந்தால் நிரந்தரப் பட்டியல் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

தட்டுகிறோம், ஒன்றுமே நடக்கவில்லை

எரரும் இல்லை, பக்கமும் இல்லை, மவுஸ் பக்கத்தில் வட்டம் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. இதுதான் ஆட்களை வெறியேற்றும். குரோம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தட்டும் ஐகான் தன் முகவரியை ஓடுகிற குரோமிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஓடுகிற குரோம் பின்னணியில் தொங்கிப்போய் உறைந்திருந்தால்? முகவரியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, குரோம் என்று இருப்பதை எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். அடிக்கடி நடக்கிறது என்றால் குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் தேர்வை அணைத்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாணயம், "நான் ஏற்கெனவே ஓடுகிறேன், பதில் சொல்ல முடியவில்லை" என்று வாய்விட்டே சொல்லிவிடும்.

லேப்டாப்பில் இரண்டாவது மானிட்டர் மாட்டிக் கழற்றுகிறவரா? அப்படியென்றால் பக்கம் திறந்துதான் இருக்கும், இல்லாத மானிட்டரில். டாஸ்க்பாரில் ஐகானுக்குக் கீழே கோடு தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் ஒருமுறை அதைத் தட்டிவிட்டு விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அம்புக்குறியை அழுத்துங்கள். விண்டோ ஓடி வரும். ஒருமுறை அரை மணி நேரம் ரெஜிஸ்ட்ரியைத் தோண்டிவிட்டு, கடைசியில் இதைக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஐகானே மாயமாகிவிட்டது என்றால் ஆன்டிவைரஸையும் சந்தேகப்படலாம். 2023 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஒரு அப்டேட் நல்ல ஷார்ட்கட்டுகளையே வைரஸ் போல நினைத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அழித்துத் தள்ளியது, அப்புறம் அவர்களே மீட்க ஒரு ஸ்கிரிப்ட் கொடுக்கவேண்டி வந்தது. அழிந்தது ஷார்ட்கட் மட்டும், ப்ரோகிராம்கள் பத்திரமாக இருந்தன.

பக்கமே வரவில்லை என்றால்

கையால் அடித்தும் வரவில்லை என்றவர்கள் இங்கே. என் அனுபவத்தில் முதல் சந்தேகம் இது: ஷார்ட்கட் போட்டது எந்த நிமிடத்தில்? லாகின் செய்து, ஓடிபி போட்டு, உள்ளே நாலாவது பக்கம் வரைக்கும் போய், "அடடே, இங்கேயே ஒரு ஐகான் போட்டு வெச்சுக்கலாம்" என்று போட்ட ஐகான் அன்றைக்குச் சாயங்காலமே செத்துவிடும். அந்த முகவரிக்குள் அன்றைய லாகினின் அடையாள எண் புதைந்திருக்கும், அல்லது உள்பக்கத்தை நேராகத் திறக்க அந்தத் தளம் விடாது. செஷன் எக்ஸ்பயர்ட், இன்வேலிட் ரிக்வெஸ்ட் என்றெல்லாம் வருவது இதனால். முகவரியில் கேள்விக்குறி, அதற்குப் பின்னால் கன்னாபின்னாவென்று எழுத்தும் எண்ணும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முகப்புப் பக்கத்துக்கோ லாகின் பக்கத்துக்கோ மட்டும் ஷார்ட்கட் போடுங்கள், உள்ளே இரண்டு கிளிக் கூடுதலாகச் செய்வதில் கை தேயாது.

இரண்டாவது, தளம் வீடு மாறியிருக்கலாம். வருமான வரி தாக்கல் தளம் 2021 ஜூன் 7-ஆம் தேதி புது முகவரிக்குப் போனது. பழைய முகவரிக்கு ஐகான் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். வங்கிகளுக்கும் அதே கதை: 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பழைய முகப்பு முகவரி உங்களைப் புதியதற்குக் கைபிடித்துக் கூட்டிப்போகலாம், ஆனால் உள்பக்க முகவரிக்குப் போட்ட ஐகான் நடுத்தெருவில் நிற்கும். புது முகவரியை எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கிலிருந்து எடுக்காதீர்கள், பாஸ்புக்கிலோ கிளையிலோ பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கூ டாட் ஜிஎல் என்று தொடங்கும் கூகுளின் பழைய குறுஞ்சுட்டிகளை ஷார்ட்கட்டாக வைத்திருந்தாலும் பாருங்கள், நெடுநாள் யாரும் தொடாமல் கிடந்தவற்றை 2025 ஆகஸ்ட் 25-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள்.

ஒரு தளம் மட்டும் அடம்பிடிக்கிறது, மற்றவை ஓடுகின்றன என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தி இன்காக்னிட்டோ விண்டோவில் அதே முகவரியைத் திறங்கள். அங்கே வந்தால் எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரில் ஒட்டவைக்கும் குட்டி ஆப்) பழைய குக்கீயோ (தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) காரணம். உடனே ஹிஸ்டரி மொத்தத்தையும் துடைக்க வேண்டாம், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் பூட்டு இருந்த இடத்தில் இப்போது இரண்டு கோடு, இரண்டு வட்டம் போட்ட படம் இருக்கும், 2023-இல் குரோம் மாற்றியது அது. அதைத் தட்டி அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்குங்கள்.

எல்லாத் தளமும் "பாதுகாப்பு இல்லை" என்று கத்துகிறதா? வலது கீழ்மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் காசு பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவை பவர் கட் ஆனதும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் அந்தத் தேதிக்குப் பொருந்தாது. தேதியைத் திருத்தினால் அன்றைக்குச் சரி, சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டால் நிரந்தரமாகச் சரி. விண்டோஸ் 7 வைத்திருந்தால் அதில் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, புதுத் தளங்கள் பாதி வெள்ளையாக வருவதில் ஆச்சரியமில்லை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வருகிறது, வீட்டு பிராட்பேண்டில் வரவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) பக்கம் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று அடியுங்கள். அப்படியும் இல்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள்.

கடைகளில் இன்னொரு வகை ஐகான் உண்டு, இணையத்துக்கே போகாதது. சிசிடிவி பெட்டி, பில்லிங் சர்வர், பிரிண்டர் இதற்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் முகவரியில் ஐகான் போட்டிருப்பார்கள். ரவுட்டரை மாற்றிய மறுநாள் எல்லாம் படுத்துவிடும். பழைய ரவுட்டர் 192.168.1 என்று கொடுத்துக்கொண்டிருந்தது, புதியது 192.168.0 என்று கொடுக்கிறது, ஐகானோ பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் அடித்து டிஃபால்ட் கேட்வே என்பதன் முதல் மூன்று எண்களையும் ஐகானில் உள்ளதையும் ஒப்பிட்டால் பளிச்சென்று தெரியும். ரவுட்டர் பக்கத்துக்குள் போய் அந்தப் பெட்டிக்கு இப்போது என்ன எண் என்று பார்த்து, அதே எண் எப்போதும் கிடைக்கும்படி ரிசர்வ் செய்துவிட்டு ஐகானைத் திருத்துங்கள். ரிசர்வ் செய்யாமல் ஐகானை மட்டும் திருத்தினால் அடுத்த பவர் கட் வரைதான் ஆயுள். இந்தப் பெட்டிகளில் பல ஹெச்டிடிபிதான் பேசும், முகவரியில் எஸ் சேர்த்துவிட்டால் திறக்காது.

ஃபோனில்

ஆண்ட்ராய்டில் குரோமிலிருந்து ஆட் டு ஹோம் ஸ்கிரீன் கொடுத்து வைத்த ஐகான் சில தளங்களுக்கு வெறும் லிங்க், சில தளங்களுக்கு ஒரு குட்டி ஆப். எதுவானாலும் பின்னால் உழைப்பது குரோம்தான், இடம் வேண்டும் என்று குரோமை டிஸேபிள் செய்துவிட்டு ஐகான் வரவில்லை என்று தேடக்கூடாது. நீண்ட நேரம் அழுத்தி நீக்கிவிட்டு, பக்கத்தைத் திறந்து புதிதாகப் போடுவதுதான் வழி. ஐஃபோனில் ஹோம் ஸ்கிரீனில் வைத்த பக்கம் சஃபாரியில் நீங்கள் செய்த லாகினைக் கண்டுகொள்ளாமல் தனியாகக் கேட்கலாம், அது கோளாறு கிடையாது, ஒருமுறை லாகின் செய்துவிடுங்கள்.

உடையாத ஐகான் போடுவது

தளத்தின் லாகின் பக்கத்தைத் திறந்து, விண்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கி, முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் அந்தச் சின்னப் படத்தை அப்படியே பிடித்து டெஸ்க்டாப்பில் இழுத்து விடுங்கள். டாட் யூஆர்எல் ரகம் தயார். இழுக்க வரவில்லை என்றால் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், நியூ, ஷார்ட்கட், முகவரியை ஒட்டி நெக்ஸ்ட். பிரவுசரை மாற்றினாலும், குரோமை அழித்துத் திரும்பப் போட்டாலும் இது தாக்குப்பிடிக்கும் என்பதால் ப்ரொஃபைல் தொல்லை இல்லாதவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் இந்த ரகக் கோப்பு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ யாராவது அனுப்பி வந்தால் தட்டாதீர்கள். இணைய ஷார்ட்கட் கோப்பு வழியாக விண்டோஸின் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே நுழையும் ஓட்டை ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2024 பிப்ரவரியில்தான் அடைத்தது, அதற்குள் திருடர்கள் அதைப் பயன்படுத்தியும் விட்டார்கள். முகவரியை எழுத்தாக வாங்கிக்கொண்டு நீங்களே போடுங்கள்.

அக்கா கடை விஷயத்துக்கு வருகிறேன். டிஃபால்ட்டைக் குரோமுக்கு மாற்றியதும் வெள்ளைத் தாளில் குரோம் படம் வந்துவிட்டது, பையன் கைதட்டினான், தட்டினால் செஷன் எக்ஸ்பயர்ட். யூஆர்எல் கட்டத்தைத் திறந்து பார்த்தால் கேள்விக்குறிக்குப் பின்னால் இரண்டு வரிக்கு எழுத்துக் குவியல், யாரோ ஒருவருக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தபோது பாதியில் எடுத்த ஐகான். கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் அழித்து, லாகின் பக்கம் வரை மட்டும் விட்டேன், திறந்தது. மற்ற இரண்டையும் டெலீட் செய்தோம். ஐகானின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதுதான் குழப்பம், தமிழிலேயே வைத்துவிடு என்றார் அக்கா. "வருமானம்/சாதி" என்று அடித்தேன், விண்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை, சாய்கோடு பெயரில் வரக்கூடாதாம். "வருமானம் சாதி" என்று வைத்தோம்.